சிவப்பு தெரிந்த நாள்

ஜனவரி 9, வெள்ளி

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். எழுதி வைக்காததால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அதனால் இன்றிலிருந்து எழுதுகிறேன். மீன் தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு தங்கமீன் சிரிக்கிறது. மீன் சிரிக்காது. முப்பது வருஷம் மீனோடு இருந்தவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

காலையில் மேகலா போன் செய்தாள். மேகலா என் தங்கை மகள். மீன்வளக் கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மீனைப் பற்றி ஐந்து வருஷம் எழுதி வாங்குகிற டாக்டர். போன ஆகஸ்டில் இங்கே குளத்தூரில் என் தொட்டியிலிருந்து எண்பது டெக்சஸ் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு போனாள். டெக்சஸ் என்பது சிக்லிட் என்கிற வண்ண மீன் வகையில் ஒரு சாதி. கருஞ்சாம்பல் உடம்பு, அதன்மேல் முத்தை வாரி இறைத்த மாதிரி நீலப் புள்ளி. நாற்பது குஞ்சுக்கு சாமந்தி இதழ் அரைத்துச் சேர்த்த தீவனம். மற்ற நாற்பதுக்கு வெறும் தீவனம். பக்கத்துக்கு நாலு தொட்டி. பூ தின்றால் மீனுக்கு நிறம் ஏறுமா, இதுதான் அவள் ஆராய்ச்சி. இன்றைக்குச் சொல்கிறாள், பூத்தொட்டியில் ஏழு மீனுக்கு அடிவயிற்றில் கறுப்பு உரிந்து சிவப்பு வந்திருக்கிறதாம்.

"மாமா, நீங்க அன்னைக்கே சொன்னீங்க, இதுங்க சிவக்கும்னு."

"நான் சொல்லி எது நடக்கல?"

அவளுடைய மேடம், பேராசிரியை சுகந்தி, ரொம்ப சந்தோஷப்பட்டார்களாம். அடுத்த மாதம் ஒரு பெரிய கருத்தரங்குக்கு இந்த முடிவை அனுப்பிவிட்டார்களாம். அதில் 'மீன் உதவி: திரு. ஏகாம்பரம், குளத்தூர்' என்று போட்டிருக்கிறதாம். நான் எட்டாவது படித்தவன். முழு எட்டாவது இல்லை என்பாள் பாக்கியம், என் சம்சாரம். அவள் பார்த்தாளா என்ன.

அந்தக் குஞ்சுகளின் தாய் தகப்பன் கடையில் வாங்கினவை இல்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். ஒரு கப்பல் கேப்டன் மெக்சிகோவில் ஆற்றில் இறங்கித் தன் கையாலேயே பிடித்து, பிளாஸ்கில் வைத்து எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது. சுத்த ரத்தம்.

ஜனவரி 12, திங்கள்

எட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினேன். ஏர் பம்ப் ஒன்று முனகுகிறது. ஃப்ளவர்ஹார்ன் இரண்டு, அண்ணா நகர் பங்களாவுக்குப் போயிற்று. தலையில் அவ்வளவு பெரிய மேடு உள்ள மீனை வாஸ்துவுக்கு வைத்தால் வீட்டில் சண்டையே வராது என்று சொல்லி அனுப்பினேன்.

மாடி மூலைத் தொட்டியின் மேல் கோணி நழுவியிருந்தது. இழுத்துப் போர்த்தினேன். பாக்கியம் துணி காயப்போட வந்தவள், "அதுக்கு மட்டும் இன்னாத்துக்குக் கோணி?" என்றாள்.

"வெயில் ஆவாது அதுக்கு."

"மார்கழில வெயிலா?"

மீன் விஷயத்தில் பெண்களுக்குப் பொறுமை கிடையாது.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

மேகலா வந்தாள். கையில் கரும்பு, தோளில் லேப்டாப். ஆள் ஒரு சுற்று பூரித்திருந்தாள். பாக்கியம் பொங்கல் வைத்த பானையை இறக்குவதற்குள் படங்களைக் காட்டத் தொடங்கிவிட்டாள். பூத்தொட்டியில் இப்போது பதினோரு மீன். வயிற்றில் தொடங்கிய சிவப்பு செவுளுக்கு ஏறியிருக்கிறது.

"தீவனத்தால இவ்வளவு சிவப்பு யாரும் கொண்டு வந்ததில்ல மாமா. இது மட்டும் நின்னுடுச்சுன்னா ஜூன்ல ஆய்வேட்டைக் கொடுத்துடலாம். உதவித்தொகையும் ஜூனோட முடியுது. மேடமே வேலைக்கும் சொல்றேன்னு இருக்காங்க."

"நிக்கும்."

பிறகு, தாய் தகப்பனைப் படம் எடுக்க வேண்டும் என்றாள். ஆய்வேட்டில் போட வேண்டுமாம். தாயைக் காட்டினேன். கீழ்த் தொட்டியில் இருக்கிறது, கறுகறுவென்று அசல் டெக்சஸ். எடுத்தாள்.

"தகப்பன்?"

"போன மழைக்கே செத்துடுச்சும்மா."

"அய்யோ. சொல்லவே இல்லையே."

"எதுக்கு உன் மனசைக் கஷ்டப்படுத்தணும்னுதான்."

நோட்டை எடுத்தாள். "கேப்டன் பேரு என்ன மாமா? ஆதாரம் எழுதணும்."

கேப்டன் ஆல்பர்ட் டிசில்வா என்றேன். தூத்துக்குடிக்காரர். வலது கையில் நங்கூரம் பச்சை குத்தியிருப்பார். பிளாஸ்கில் இருந்தது நாற்பத்தொரு நாள். கப்பல் புயலில் ஆடியபோது பிளாஸ்கை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பேரை மட்டும் எழுதிக்கொண்டாள்.

பாக்கியம் வெண்பொங்கலைத் தட்டில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

ஜனவரி 19, திங்கள்

மேகலா போன். வெறும் தீவனத் தொட்டியிலும் ஒரு மீன் சிவந்திருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

மறுபடியும் போன். இப்போது மூன்று. பூ ஒரு துணுக்குக்கூடப் போடாத தொட்டியில் மூன்று.

"எப்படி மாமா? டப்பா தனித்தனி. கரண்டி தனித்தனி. மூடில கலர் ஒட்டி வெச்சிருக்கேன்."

"வலையை மாத்திப் போட்டிருப்பே."

"வலையால எப்படி நிறம் வரும்?"

"வலையில மீனே மாறியிருக்கும். இந்தத் தொட்டி மீன் அந்தத் தொட்டிக்கு. தண்ணி மாத்தும்போது எனக்கே நடந்திருக்கு."

நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "டிசம்பர்ல ஒருநாள் காய்ச்சலோட தண்ணி மாத்தினேன்" என்றாள், மெதுவாக.

"அதான். பார்த்தியா."

போனை வைத்த பிறகு எனக்கு டீ இறங்கவில்லை. பால் திரிந்திருந்தது போல.

ஜனவரி 23, வெள்ளி

வெறும் தீவனத் தொட்டிகளில் ஒன்பது மீன்.

மேடம் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். மீன் மாறியிருந்தால் இந்த ஐந்து மாதக் கணக்கு மொத்தமும் குப்பை. மாறவில்லை என்றால், நல்ல முடிவு வர வேண்டும் என்று இவளே எல்லாத் தொட்டிக்கும் பூத்தீவனம் போட்டுவிட்டுப் பொய் எழுதியிருக்கிறாள் என்று ஆகிறது. துறையில் யாரோ அப்படியே புகார் எழுதிப் போட்டும் விட்டார்கள். பிப்ரவரி ஆறாம் தேதி விசாரணை. மூன்று பேர் கமிட்டி. ஏமாற்றினாள் என்று அவர்கள் எழுதினால் அவளுடைய ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். ஐந்து வருஷம். அவளுக்கு இருபத்தொன்பது வயது. என் தங்கை, புருஷன் போன பிறகு தையல் மிஷினை மிதித்து அவளை இதுவரை கொண்டுவந்திருக்கிறாள்.

"மூணாவது வழி ஒண்ணு இருக்கு மாமா" என்றாள். "மீனே சுத்தமில்லன்னா இப்படி ஆகும்னு ஒரு பேராசிரியர் சொன்னாரு. எங்க கேப்டன் நேரா ஆத்துல பிடிச்சதுன்னு சொல்லிட்டேன். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திட்டேன்."

எனக்காக வாதாடியிருக்கிறாள்.

ஜனவரி 25, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஜனங்களின் காலுக்கு நடுவே புகுந்து முப்பது கடை பார்த்தேன். சுத்தமான டெக்சஸ் ஆண் ஒன்று வேண்டும். எதற்கு என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. கையில் ஒன்று இருந்தால் எதையாவது காட்டலாமே.

புருஷோத்தமன் பார்த்துவிட்டார். பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். கலப்பு மீனே கூடாது என்று வாட்ஸப்பில் ஒரு கட்சி நடத்துகிறார். நான் கலப்பு மீனான ஃப்ளவர்ஹார்ன் போடுகிறேன் என்பதால் என்னைக் கலப்பட ஏகாம்பரம் என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன கலப்படம், டெக்சஸ் தேடுறீரு? சுத்தமானதா?"

"ஒரு சிநேகிதருக்கு."

"இந்த ஊர்ல கிடையாதுய்யா. செவப்பு டெக்சஸ் பண்றேன்னு ஆளாளுக்கு ஃப்ளவர்ஹார்னோட சேர்த்துவிட்டு, அதுல கறுப்பாவே நின்னுபோனதையெல்லாம் டெக்சஸ்னு பேர் எழுதித் தள்ளிட்டானுங்க. பார்க்க அச்சு அசலா இருக்கும். குஞ்சு போட்டு வளர்ந்தா, கறுப்பு உரிஞ்சு செவப்பு வரும். சிலது ஆறு மாசத்துல. சிலது மூணு வருஷம் கறுப்பா இருந்துட்டு உரியும்."

"ஏன் சார், மாட்டுல கலக்கல? மாம்பழத்துல கலக்கல? நீங்க பேசுறதே நாலு பாஷை கலந்து. மீன்ல கலந்தா மட்டும் உலகம் அழிஞ்சுடுமா?"

"கலந்துக்கோயேன். எவன் கையைப் பிடிச்சான்? ஏரில கொண்டுபோய்க் கொட்டாதே, அதையும் சொல்லிடறேன். பையில பேரை எழுதும்போது கலப்புன்னு எழுது. நீ எழுதுறதை நம்பித்தானே அடுத்தவன் வாங்கிட்டுப் போறான். அவன் குஞ்சு போட்டு இன்னொருத்தனுக்குக் கொடுக்கிறான். பத்துக் கை மாறினா யாரு கண்டுபிடிக்கிறது?"

பக்கத்தில் ரத்தப்புழு விற்றுக்கொண்டிருந்தவள், "பெருசுங்க ரெண்டும் ஓரமா நின்னு சண்டை போடுங்க, வியாபாரத்தைக் கெடுக்காதீங்க" என்றாள்.

வழக்கமாக நான்தான் ஜெயிப்பேன். இன்றைக்கும் நான்தான் ஜெயித்தேன். ஆனால் அவர் போகும்போது தோளில் கை வைத்து, "முகம் ஏன்யா இப்படி இருக்கு?" என்று கேட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 28, புதன்

கல்லூரிக்குப் போனேன். பாக்கியம் வற்றல் குழம்பு கொடுத்துவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் மேகலா தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நோட்டுகள். ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தொட்டியையும் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நாளில் தன் கை தவறியது என்று தேடுகிறாள். தலை வாரி இரண்டு நாளாவது இருக்கும். பொங்கலன்று வந்த பெண் இல்லை இது.

குழம்பைத் திறந்து வைத்தேன். தொடவில்லை.

"எனக்கு ஒண்ணு தோணுது மாமா. நான்தான் தீவனத்தை மாத்திப் போட்டுட்டேன், கவனக்குறைவுன்னு எழுதிக் கொடுத்துடலாமா? ஏமாத்தினேன்னு சொல்றதுக்குக் கவனக்குறைவு தேவல. ஒருவேளை அதுதான் நிஜமோ என்னவோ. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. நேத்து சோத்துல உப்பு போட்டேனா இல்லையான்னு நாலு தடவை பார்த்தேன்."

"அப்படியெல்லாம் எழுதாதே."

"வேற எதை எழுத? மீன் சரி, தீவனம் சரி. மிச்சம் நான்தான்."

எட்டுத் தொட்டியிலும் என் மீன்கள் கண்ணாடிக்கு வந்து என்னைப் பார்த்தன. டெக்சஸுக்கு ஆள் அடையாளம் தெரியும். பாதிக்குப் பாதி சிவப்பு. நல்ல சிவப்பு. சந்தைக்குக் கொண்டுபோனால் பிய்த்துக்கொண்டு போவார்கள். அவளிடம் இதைச் சொல்லவில்லை.

கேப்டனுக்குப் போன் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

பாக்கியம் கோணியை எடுத்துவிட்டாள்.

நான் கீழே பம்ப்புக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். மேலிருந்து, "இங்க வா" என்று ஒரு குரல். வழக்கமாக அவள் கத்துவாள். இது கத்தல் இல்லை.

மூலைத் தொட்டியில் தகப்பன் மீன். சாகவில்லை. சாகவேண்டும் என்று நான் எங்கே சொன்னேன், மேகலாவிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னது அது. வால் நுனியும் முதுகில் ஒரு கோடும்தான் கறுப்பு. மற்றதெல்லாம் குங்குமம்.

"இது எத்தினி நாளா?"

"இப்பதான். தை பொறந்ததுக்கு அப்புறம்."

"மார்கழிலயே கோணி போட்டிருந்தியே."

"அது வெயிலுக்கு."

அவள் துணிக்கூடையைக் கீழே வைத்தாள். "கேப்டன் யாரு? மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை, மழையில, இந்த மீனு ரெண்டையும் சந்தையில ஒரு தாடிக்காரன்கிட்ட வாங்கினே. பையைப் பிடிச்சிக்கினு வண்டியில உன் பின்னாடி உக்காந்து வந்தது நானு. கவர் ஓட்டையாயி என் புடவையெல்லாம் நனைஞ்சிது. நான்தான் உன் கேப்டனா?"

கீழே கிடந்த கோணியை எடுத்து மடித்தேன்.

"அந்தப் பொண்ணு தன்னையே சந்தேகப்படுதுன்னு உன் தங்கச்சி போன்ல அழுவுறா. நீ வாஷர் மாத்திக்கினு இருக்கே."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தட்டைப் பார்த்து.

எழுதி வைக்கிறேன்: தகப்பன் மீனில் சிவப்பு தெரிந்தது தை 5, அதாவது ஜனவரி 19. அதற்கு முன்னால் ஒரு புள்ளிகூட இல்லை.

பிப்ரவரி 2, திங்கள்

மூலைத் தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்று அடைப்பைப் பிடுங்கினேன். தண்ணீர் பாதி இறங்கியது. மீன் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கண்ணால் பார்த்தது. அடைத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

மேகலா எழுதிவிட்டாளாம். 'என் கவனக்குறைவால் தீவனம் மாறியது.' வெள்ளிக்கிழமை கமிட்டியிடம் கொடுக்கப் போகிறாள். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கவில்லை மாமா, அதுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

கேப்டன் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

கப்பல் நடுக்கடலில் இருக்கிறது, டவர் கிடைக்கவில்லை என்றேன். சொல்லி முடிக்கும்போதே என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் தகப்பன் மீனைப் பிடித்தேன். ஆக்சிஜன் பையில் கட்டி, பையைப் பழைய பெயிண்ட் பக்கெட்டில் இறக்கி, மேலே ஈரத்துணி. பாக்கியம் வாசலில் நின்று பார்த்தாள். ஒரு வாரத்தில் முதல் பேச்சு: "புதுச் சட்டையைப் போட்டுக்கினு போ."

ஷேர் ஆட்டோவில் ஏறினதும் பக்கத்திலிருந்த அம்மா, "என்னங்க, குழம்பு மீனா?" என்று கேட்டாள். நான் அப்போது ஒரு கதையும் சொல்லவில்லை. "இல்லம்மா, சாட்சி" என்றேன். அவள் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் மேகலா. மடியில் அந்தக் கடிதம். என்னையும் பக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். துணியை எடுத்தேன். சிவப்பு. ஒரு மாதமாக அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருப்பவள், புரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது யாரு மாமா?"

"தகப்பன்."

"செத்துடுச்சுன்னு..."

"சாகல."

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள். அப்போது உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நானும் பக்கெட்டோடு நுழைந்தேன். பியூன் தடுத்தார். சுகந்தி மேடம்தான், "விடுங்க, மீன் கொடுத்தவர்" என்றார்கள்.

நீள மேஜை. நடுவில் ஒரு வழுக்கைத் தலை ஐயா, அவர்தான் தலைவர். இரண்டு பக்கமும் இரண்டு பேர். மேஜையில் பக்கெட்டை வைக்க இடம் கேட்டேன். கீழே வையுங்கள் என்றார்கள். வைத்தேன். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த பேச்சு ஒன்று இருந்தது. அதில் மூன்று இடத்தில் ஆங்கிலம் வரும். அது எதுவும் வாயில் வரவில்லை.

"இவ மேல தப்பு இல்லைங்க. மீன் கலப்பு. நான் சுத்தம்னு சொல்லிக் கொடுத்தேன்."

"கேப்டன் டிசில்வான்னு ஒருத்தர் மெக்சிகோவிலிருந்து கொண்டு வந்ததா எழுதியிருக்கே" என்றார் தலைவர்.

"கேப்டன் இல்லைங்க."

"இப்ப எங்க இருக்கார்?"

"எப்பவுமே இல்லைங்க. சந்தையில வாங்கினேன். தாடி வெச்ச ஆளு. அவர் பேரு தெரியாது. மீனு எங்கேருந்து வந்ததுன்னும் தெரியாது."

தெரியாது என்று நான் சொன்னதை நானே கேட்டேன். அந்த வார்த்தை என் வாயில் வந்து எத்தனை வருஷம் இருக்கும் என்று யோசித்தேன்.

அவர்கள் எழுந்து வந்து மீனைப் பார்த்தார்கள். ஒருவர் டார்ச் அடித்தார். முதுகில் மிச்சமிருந்த கறுப்பையும் புள்ளியையும் மேகலாவின் படங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். செதில் எடுத்து அனுப்பிப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"குஞ்சுகளைக் கொடுக்கும்போது இது உங்களுக்குத் தெரியுமா?"

மேகலா என்னைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க. தை அஞ்சாம் தேதிதான் செவப்பே தெரிஞ்சுது."

எழுதிக்கொண்டார்கள்.

வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம். பிறகு மேடம் வந்து சொன்னார்கள். ஏமாற்று இல்லை, கவனக்குறைவும் இல்லை, மீன் கொடுத்த இடத்தின் தவறு என்று எழுதப் போகிறார்கள். சாமந்தி ஆராய்ச்சி போயிற்று. கருத்தரங்குக்கு அனுப்பியதைத் திரும்ப வாங்க வேண்டும். ஆனால் பதிவு ரத்தாகாது. மேகலா கையிலிருந்த கடிதத்தை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், அப்புறம் மடிக்க முடியவில்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் புதுச் சட்டை போட்டிருந்தேன். பக்கெட்டின் ஒரு பக்கக் காதை அவள் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரை இருவரும் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

"கேப்டனைக்கூட விடுங்க மாமா. நீங்க யார்கிட்ட கதை விடல. தகப்பன் மீன் செவந்ததைப் பார்த்தப்பவே போன் பண்ணியிருக்கலாம், பயந்துட்டீங்க, சரி. ஆனா கொடுக்கும்போது தெரியாதில்ல. தெரிஞ்சா எனக்குக் கொடுத்திருப்பீங்களா?"

பஸ் வந்துவிட்டது.

பிப்ரவரி 7, சனி

தகப்பன் மீன் பயணத்தில் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது. உப்புப் போட்டேன். கோணி போடவில்லை. பாக்கியம் பேசுகிறாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மேகலா வந்திருந்தாள். தலை வாரி, பூ வைத்து. சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே நோட்டை எடுத்துவிட்டாள்.

மேடம் ஒரு வழி சொல்லியிருக்கிறார்களாம். எண்பது மீனும் இருக்கிறது, ஆகஸ்டிலிருந்து தினம் எடுத்த படங்களும் இருக்கின்றன. சாமந்தியை விட்டுவிட்டு, கலப்பு டெக்சஸில் கறுப்பு எந்த வயதில் உரியத் தொடங்குகிறது, தகப்பனுக்கும் குஞ்சுகளுக்கும் அதில் என்ன தொடர்பு என்று எழுதலாமாம். இதுவரை யாரும் இப்படித் தினசரி படம் வைத்துக்கொண்டு பார்த்ததில்லையாம். ஜூனுக்குள் முடியாது, ஆனால் ஆறு மாதம் நீட்டிப்புக் கேட்கலாமாம்.

"அவ்வளவு படமும் வீணாப் போகல மாமா" என்றாள். பாக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வடையைக் கருகவிட்டாள்.

புருஷோத்தமன் கேள்விப்பட்டு மேகலாவுக்கே போன் செய்தாராம். "உங்க மாமா தெரிஞ்சே பண்ற ஆளு இல்லம்மா, வாய்தான் நீளம்" என்றாராம். அவரும் எனக்கு நல்லவன் பட்டம் கொடுத்துவிட்டார்.

பிறகு மேகலா பேனாவைத் திறந்தாள். "தகப்பனோட தேதிதான் இதுக்கெல்லாம் ஆரம்பம். அதை வெச்சுத்தான் எத்தனை மாச வயசுல உரிஞ்சுதுன்னு கணக்கு. சும்மா குத்துமதிப்பா சொல்லாதீங்க. சரியா எந்த நாள் மாமா?"

அத்தையும் மருமகளும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"தை அஞ்சு" என்றேன்.

ஜனவரி 19 என்று எழுதி, கீழே கோடு போட்டாள். பேனாவால்.

அவள் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. நாலு முறை போனை எடுத்தேன். அவள் ஹலோ என்றதும் நான் வேறு ஏதாவது பேசுவேன். என் வாயை எனக்குத் தெரியும், அதில் இன்னொரு கேப்டன் ஏறிக்கொள்வான். அதனால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் இந்த டைரியையே கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். படித்துக்கொள்ளட்டும். அளந்து விட்டது இதில் நிறைய இருக்கிறது, அவளுக்கே தெரியும். ஒன்றை மட்டும் நான் சொன்னால்தான் தெரியும்.

தை 5 நான் கட்டிய கதை.

தகப்பனுக்குச் சிவப்பு தெரிந்தது ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. தீவனம் போடும்போது பார்த்தேன். இடது செவுளுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவு. துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. அன்றைக்குத்தான் கோணி போட்டேன். திங்கட்கிழமை மேடத்தின் கார் வந்து நின்றது. நீ இறங்கி ஓடி வந்து, ஊரெல்லாம் தேடிட்டேன், சுத்தமான மீன் எங்க மாமாகிட்ட மட்டும்தான் இருக்கு மேடம் என்றாய். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வலையை எடுத்துக்கொண்டு வந்தேன்.